ஒன்பது சில்லுகள்

பெண்டிமியர் ரோட்டில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
சாவி வெட்டும் கடைக்கும் சலூனுக்கும் நடுவே
ருஸ்லானின் கடை. கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்.
பெயர்ப்பலகை செதுக்கும் இயந்திரம் ஒன்று.
அதற்குக் கட்டளையிட
தொண்ணூற்று நாலில் வாங்கிய கணினி ஒன்று.

மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது
தமிழில் இப்படி வரும்:
"அரை மணி நேரம் ஓடுது மிஸ்,
அப்புறம் பாதி எழுத்தில் செத்துப்போகுது."
மேசைமேல் சாட்சிகள்:
தலைப்பகுதி மட்டும் உள்ள ஒரு பல் மருத்துவர்,
'வேலாயு' வரை வந்து நின்றுவிட்ட ஒருவர்.

புதுசு வாங்கலாமே என்று நான் கேட்கவில்லை.
புதுசுக்கு இந்த இயந்திரத்தின் பேச்சு புரியாது.

மூடியைக் கழற்றினேன்.
தூசு. பல்லி முட்டையின் ஓடு. ஓர் ஐந்து காசு.
கேஷ் மெமரிதான் என்று நினைத்தேன்;
சூடேறியதும் உளறுவது அதன் வழக்கம்.
தூரத்து நினைவகத்துக்கு ஓடாமல்
அடிக்கடி கேட்பதைக் கையருகே வைத்துக்கொள்வது,
அடுப்புப் பக்கத்து உப்பு டப்பா மாதிரி.

பயாஸில் புகுந்து அதை அணைத்தேன்.
வேகம் குறைய வேண்டும்.
குறையவில்லை.
திரும்பப் போட்டேன்.
கூடவுமில்லை.

நெகிழ்வட்டிலிருந்து சோதனை நிரலை ஓட்டினேன்.
எட்டு கிலோபைட் வரை பறந்தது, அது செயலியின் சொந்தக் கை.
அடுத்து ஓர் அகலமான படி இருக்க வேண்டும்,
இருநூற்று ஐம்பத்தாறு வரை.
நேராகப் பள்ளம்.

பலகையைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
ஒன்பது கருப்புச் சில்லுகளின் கால்கள்
துளைகளில் ஒழுங்காக இறங்கியிருந்தன.
துளைகளிலிருந்து ஒரு செம்புக் கோடுகூடப் புறப்படவில்லை.
தண்டவாளமே போடாத ஊரில் ஒன்பது ஸ்டேஷன்.
ஒன்றைக் குறட்டால் நெரித்தேன்.
மேலே வெள்ளை எழுத்தில் பெயர்;
உள்ளே வெறும் பிளாஸ்டிக்.
பயாஸ் மட்டும் ஒவ்வொரு காலையும்
'கேஷ்: 256 கே' என்று கூசாமல் சொல்லியிருக்கிறது,
முப்பது வருடம்.

நான் சிரித்திருக்க வேண்டும்.
ஏழு மாதமாக லிஃப்டில் யார் கேட்டாலும்
நல்லா இருக்கேன் என்கிறேன்.
கேள்வி முடிவதற்குள் வந்துவிடும் பதில்.
உள்ளே போய் எடுத்துவந்தது இல்லை.
இதுவரை யாரும்
சோதனை நிரல் ஓட்டியதில்லை.

கோளாறு கடைசியில் வேறெங்கோ.
ரேம் பட்டைகளின் ஈயப் பற்களில் கறுப்புப் படலம்.
பென்சில் ரப்பரால் தேய்த்து
அழுத்தி மாட்டினேன். கிளிக்.
நாற்பது நிமிடம் ஓடியும் நிற்கவில்லை.

உண்மையைச் சொன்னேன். ருஸ்லான் பழைய பில்லைத் தேடி எடுத்தார்.
கார்பன் நகல், மங்கிய ஊதா: கேஷ், நூற்று இருபது வெள்ளி.
"விற்றவன் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தான்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"அப்ப இது இல்லாமலா இத்தனை பலகை வெட்டினேன்?"
"இல்லாமத்தான்."
"சரி, திரும்ப மாட்டிடுங்க. ஓட்டை பார்க்க நல்லா இல்லை."
எட்டை மாட்டினேன்.
ஒன்பதாவது ஓட்டையை
இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இயந்திரம் வேலாயுதத்தைப் புதுப் பலகையில்
முதலிலிருந்து தொடங்கி
'தம்'மின் புள்ளியைக் குத்திவிட்டுத் தலை தூக்கியது.

கூலி எவ்வளவு என்றார்.
பணம் வேண்டாம், வாசலுக்கு ஒரு பலகை போதும் என்றேன்.
பழையதில் இரண்டு பெயர் இருக்கிறது என்று சொல்லவில்லை.
விசைப்பலகைமேல் விரல் வைத்துக்கொண்டு கேட்டார்,
"என்ன பேர் போடணும்?"

பதில் பக்கத்தில் இல்லை.
போய் எடுத்துவர
கொஞ்ச நேரம் ஆனது.